கார் கண்ணாடிக்கு நீங்களே டின்ட் ஒட்டும்போது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் வெயில் ஏற ஏற, கார் கண்ணாடியில் டின்ட், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் நிற ஃபிலிம் ஒட்டுவது பற்றிய கேள்விகளும் வந்து குவிகின்றன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

ஃபிலிம் பெட்டியில் 35 என்று போட்டிருக்கிறது, சட்டமும் 35 என்றுதான் சொல்கிறதாம். அப்படியே வாங்கி ஒட்டலாமா? (சாட்ஸ்வொர்த்)

வேண்டாம். அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 2000-ஆம் ஆண்டின் தேசிய சாலைப் போக்குவரத்து விதிகளில் 202-ஆவது விதி கேட்பது, கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன என்பதை. முன் கண்ணாடியில் குறைந்தது 70 சதவீதம், மற்றவற்றில் குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் கம்பெனியிலிருந்து வரும் கதவுக் கண்ணாடியிலேயே மெல்லிய பச்சை ஓடும். அது பெரும்பாலும் 75 முதல் 80 சதவீதம் வெளிச்சத்தைத்தான் விடும். 78 சதவீதக் கண்ணாடியில் 35 சதவீத ஃபிலிமை ஒட்டினால் 0.78 × 0.35, அதாவது 27 சதவீதம்தான் மிஞ்சும். வண்டியை விற்கும்போது ரோட்வொர்த்தி சோதனையில் (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனை) வெளிச்சம் அளக்கும் மீட்டர் வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 50 சதவீத ஃபிலிம் வாங்குங்கள், 39 கிடைக்கும். முன் கண்ணாடியை விட்டுவிடுங்கள். 75 சதவீதக் கண்ணாடியில் 90 சதவீத ஃபிலிம் ஒட்டினால்கூட 67.5 ஆகி, வரம்புக்குக் கீழே போய்விடும்.

அதே விதி ஃபிலிமில் குமிழி, கிழிசல், கீறல் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அதனால் அரைகுறையாக ஒட்டுவதும் சட்டத்துக்குப் புறம்புதான்.

என்ன சோப்பு, எவ்வளவு? வேறு என்னென்ன வேண்டும்? (டோங்காட்)

ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் முதல் அரை டீஸ்பூன் பேபி ஷாம்பூ போதும். கூடினால் பசை பிடிக்காமல் வழுக்கும், காய்ந்தபின் ஓரங்களில் வெள்ளைப் படலமாகத் தெரியும். குறைந்தால் ஃபிலிம் வைத்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். குழாய்த் தண்ணீரில் மண் இருக்கலாம். பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் 5 லிட்டர் கேன் ஒன்று வாங்கினால் முழு வண்டிக்கும் காணும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பக்கமே போகாதீர்கள், அது ஃபிலிமின் சாயத்தையும் பசையையும் கெடுக்கும்.

கருவிகள் என்று பார்த்தால் ஸ்ப்ரே பாட்டில் இரண்டு, கண்ணாடி சுரண்டும் ரேசர் பிளேடு, நுனியை உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் 30 டிகிரி கட்டர், தண்ணீரை வழித்தெடுக்கும் ஒரு ரப்பர் ஸ்குவீஜி, ஒரு கடினமான பிளாஸ்டிக் கார்டு, நூல் பிரியாத துணி, சூடான காற்று ஊதும் ஹீட் கன். கட்டர் நுனியை ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒருமுறை உடையுங்கள். மழுங்கிய பிளேடு வெட்டாது, இழுத்துக் கிழிக்கும்.

சாதாரண நாலு கதவு வண்டிக்கு 50 செ.மீ. அகல ரோலில் கதவுகளுக்கு மட்டும் சுமார் 4 மீட்டர் ஆகும். பின் கண்ணாடிக்கு 76 செ.மீ. அகலத்தில் ஒன்றரை மீட்டர் தனியாக வாங்குங்கள். முதல் தடவை என்றால் ஒரு கதவுக்கான ஃபிலிம் கூடுதலாக இருக்கட்டும், கட்டாயம் ஒன்று வீணாகும்.

முதல் கதவை எப்படி ஒட்டுவது? முழுசாகச் சொல்லுங்கள். (பீனிக்ஸ்)

பின் கதவிலிருந்து தொடங்குங்கள். பிசகினாலும் ஓட்டும்போது உங்கள் கண்ணில் படாது.

முதலில் வெளிப்பக்கத்தைக் கழுவிச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஃபிலிமின் நிறமில்லாத மேல்தாள் உங்களைப் பார்க்கும்படி கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் படர விடுங்கள். எது மேல்தாள் என்று தெரியாவிட்டால் ஒரு மூலையின் இரு பக்கமும் செலோடேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள், பிரிந்து வரும் தெளிவான தாள்தான் அது. கீழே ரப்பருக்குக் கீழ் ஒரு செ.மீ. கூடுதலாக விடுங்கள். ஒரு பக்க ஓரத்தை ரப்பரை ஒட்டி வெட்டியபின், ஃபிலிமை அந்தப் பக்கமாக ஒரு செ.மீ. நகர்த்திவிட்டு மறுபக்கத்தை ரப்பரை ஒட்டி வெட்டினால், கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்துக்குள் போக இரு பக்கமும் அரை அரை செ.மீ. கிடைக்கும். கடைசியாகக் கண்ணாடியை 3 செ.மீ. இறக்கி, மேல் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. கீழே தள்ளி வெட்டுங்கள். விளிம்பைத் தாண்டி நின்றால் கண்ணாடி ஏறும்போதெல்லாம் மேல் ரப்பர் அதைப் பிய்க்கும்.

அடுத்து உள்பக்கம். வேலையில் பாதிக்கு மேல் இந்தச் சுத்தம்தான், இங்கே அவசரப்பட்டவர்கள் எல்லாரும் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். கதவின் ஸ்விட்ச் பலகை மேல் தடித்த துண்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள். தண்ணீர் உள்ளே இறங்கினால் மறுநாள் கண்ணாடி ஏறாது. தெளியுங்கள், பிளேடால் ஒரே திசையில் சுரண்டுங்கள், தெளித்துக் கழுவி ஸ்குவீஜியால் வழியுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். பள்ளத்தின் வெல்வெட்டிலிருந்துதான் தூசி வரும், டேப்பை அதன்மேல் ஒட்டி ஒட்டி எடுங்கள்.

கைகளை நனைத்துக்கொண்டு மேல்தாளின் மேல் பாதியை மட்டும் உரித்து, பசையின் மேலும் கண்ணாடியின் மேலும் தாராளமாகத் தெளியுங்கள். 3 செ.மீ. இறங்கியிருக்கும் கண்ணாடியின் மேல் விளிம்புக்கு அதே ஒன்றிரண்டு மி.மீ. கீழே ஃபிலிமை வைத்து, மேல் பாதியை நடுவிலிருந்து ஓரத்துக்கு வழியுங்கள். கண்ணாடியை முழுதாக ஏற்றிவிட்டு மிச்சத் தாளை உரித்து, கீழ் விளிம்பைக் கார்டால் ரப்பருக்குள் செருகுங்கள். கார்டை அழுத்தி இழுக்கும்போது அதற்கு முன்னால் ஒரு மெல்லிய தண்ணீர்க் கோடு ஓட வேண்டும். கோடு ஓடவில்லை என்றால் அங்கே தண்ணீர் தீர்ந்துவிட்டது, ஃபிலிமை மேலே தூக்கி மறுபடி தெளியுங்கள். வறண்ட இடத்தில் தேய்த்தால் மடிப்பு விழும், மடிப்பு விழுந்த ஃபிலிமைச் சரிசெய்யவே முடியாது.

கடைசியாகக் கார்டில் பேப்பர் டவலைச் சுற்றி நாலு ஓரமும் வழியுங்கள். கண்ணாடி ஸ்விட்ச் மேல் ஒரு டேப் ஒட்டிவைத்தால் பிள்ளைகள் மறந்துபோய் இறக்க மாட்டார்கள். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களின் வறண்ட காற்றில் 3 நாள், டர்பன் கடலோர ஈரத்தில் 5 முதல் 7 நாள் இறக்கவே கூடாது.

ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலத்தில் எவ்வளவு துடைத்தாலும் ஃபிலிமுக்கு அடியில் தூசி வருகிறது. (லெனேசியா)

உங்கள் பக்கம் குளிர்காலக் காற்று அவ்வளவு வறண்டது. அதில் மேல்தாளை உரிக்கும் நேரத்தில் மின்னேற்றம் உண்டாகி, சுற்றியிருக்கும் தூசி முழுவதையும் பசை இழுத்துக்கொள்கிறது. உரிக்க உரிக்கத் தெளித்துக்கொண்டே போங்கள், உலர்ந்த பசை ஒரு விநாடிகூடக் காற்றில் நிற்கக் கூடாது. கராஜ் தரையை நனைத்துவிடுங்கள், ஃபேனை அணையுங்கள், கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பருத்திச் சட்டை போடுங்கள். காலையில் கண்ணாடி சில்லென்று இருக்கும்போது பசை பிடிக்காது. மதியத்துக்குப் பிறகு செய்யுங்கள், நிழலில்.

பின் கண்ணாடியில் ஃபிலிம் மடிப்பு மடிப்பாக நிற்கிறது, படியவே மாட்டேன் என்கிறது. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அந்தக் கண்ணாடி இரண்டு பக்கமாக வளைந்தது, தட்டையான தாள் அதில் தானாகப் படியாது. வெளிப்பக்கத்தில் வைத்தே சூடு காட்டிச் சுருக்க வேண்டும். ஃபிலிம் ரோலின் நீளவாக்கில்தான் நன்றாகச் சுருங்கும். அதனால் ரோலைக் கண்ணாடியின் குறுக்கே, இடமிருந்து வலமாக விரியுங்கள், மடிப்புகள் மேலும் கீழும் செங்குத்தாக நிற்கட்டும். ரோலைத் திருப்பி வைத்திருந்தால் எவ்வளவு சூடு காட்டியும் பலன் இல்லை, உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உலர்த்தி, வாசனையில்லாத டால்க் பவுடரைத் துணியால் மெல்லியதாகப் பூசுங்கள். நடுவில் குறுக்கே ஒரு கோடும், இரு பக்க ஓரங்களில் ஒவ்வொரு கோடும் ஈரத் துணியால் இழுத்து, அங்கே மட்டும் ஃபிலிம் பிடிக்கும்படி செய்யுங்கள். மிச்சத் தளர்ச்சியைக் கையால் பல சின்ன மடிப்புகளாகப் பகிருங்கள், ஒரே பெரிய மடிப்பாக விடாதீர்கள். ஹீட் கன்னை ஒரு சாண் தூரத்தில் ஆட்டிக்கொண்டே காட்டினால் ஃபிலிம் லேசாக நெளிந்து இறுகும். அந்த நொடியில் கார்டால் மெதுவாக வழியுங்கள். ஒரே இடத்தில் நின்றால் ஃபிலிம் கருகிச் சுருளும், கண்ணாடியே விரிசல் விடவும் கூடும்.

கண்ணாடி ஓரத்துக் கறுப்புப் புள்ளி வரிசையில் ஃபிலிம் முழுதாகப் பிடிக்காது, வெள்ளையாகத் தெரியும். அது உங்கள் கைத்தவறு அல்ல. புள்ளிகள் சற்றே மேடாக இருப்பதால் இடையில் காற்று நிற்கிறது. கார்டால் அழுத்திவிட்டு விட்டுவிடுங்கள்.

ஒட்டி நாலு நாளாகிறது. மங்கலாக, சின்னச் சின்னத் தண்ணீர்க் குமிழிகளாக இருக்கிறது. உரித்துவிடவா? (வெருலம்)

தொடாதீர்கள். அது அடியில் தங்கிய தண்ணீர், ஃபிலிம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சாதாரண ஃபிலிமில் 2 முதல் 4 வாரம் பிடிக்கும். நகத்தால் தொட்டுப் பாருங்கள். நகர்ந்தால் தண்ணீர், நடுவில் கடினமாக ஒரு புள்ளி தட்டுப்பட்டால் தூசி. தூசி போகாது. ஒரு மாதத்துக்குப் பிறகும் காற்றுக் குமிழி நின்றால் மெல்லிய ஊசியால் ஓரத்தில் ஒரு துளையிட்டு விரலால் அழுத்துங்கள்.

பின் கண்ணாடியின் உள்பக்கம் முருகன் ஸ்டிக்கர் இருக்கிறது. எடுக்க மனசு வரவில்லை, அதன்மேலேயே ஒட்டலாமா? (சாட்ஸ்வொர்த்)

மனசு வராதது புரிகிறது, ஆனாலும் மேலே ஒட்டினால் ஸ்டிக்கரைச் சுற்றிப் படி போல உயரம் வந்து, காற்று வளையமாக நிற்கும். நீராவி காட்டி மெதுவாக உரியுங்கள். அடியில் ஹீட்டர் கம்பிகள் ஓடினால் பிளேடு போடவே கூடாது, கம்பி அறுந்துபோகும். பசை மிச்சத்தைச் சோப்புத் தண்ணீரும் துணியும் கொண்டு, கம்பி போகும் திசையிலேயே தேய்த்தெடுங்கள். புது ஸ்டிக்கரைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொள்ளலாம், வரிசையில் பின்னால் வருகிறவர்களும் கும்பிடுவார்கள்.

பக்கியின் (பின்னால் சாமான் ஏற்றும் பிக்கப் வண்டி) கேனப்பி, அதாவது பின்பக்க மூடியில் இருக்கும் ஜன்னலுக்கு ஒட்டலாமா? (டோங்காட்)

கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று முதலில் தட்டிப் பாருங்கள். கண்ணாடியானால் தாராளமாக ஒட்டலாம். பாலிகார்பனேட் என்றால் வேண்டாம், வெயிலில் அதிலிருந்து வாயு கசிந்து சில வாரத்தில் குமிழிகளாக நிறையும்.

ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலில்) நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார்கள். சாதாரண டின்ட் தடுக்குமா? (பீனிக்ஸ்)

தடுக்காது. சாதாரண ஃபிலிம் 40, 50 மைக்ரான் கனம்தான். ஸ்மாஷ் அண்ட் கிராப் ஃபிலிம் என்று விற்பது பொதுவாக 100 மைக்ரானிலிருந்து தொடங்கும். அதுவும் கண்ணாடி உடையாமல் காக்காது. உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, கை உள்ளே நுழைவதைச் சில விநாடிகள் தாமதப்படுத்தும். வண்டியை நகர்த்த அந்த விநாடிகள் போதும்.

கனமானதால் இதை வளைந்த கண்ணாடியில் படிய வைப்பது கடினம், தண்ணீர் வெளியேறவும் இன்னும் கூடுதல் வாரங்கள் பிடிக்கும். கதவுகளுக்கு நீங்களே முயலலாம், பின் கண்ணாடியைக் கைதேர்ந்தவரிடம் விடுங்கள். பையைச் சீட்டில் வைக்காமல் வண்டியின் டிக்கியில் வைப்பது எல்லாவற்றிலும் நல்லது.

பழைய ஃபிலிம் ஊதா நிறமாகிவிட்டது. எப்படிக் கழற்றுவது? (லெனேசியா)

மலிவான சாய ஃபிலிம் அப்படித்தான் ஆகும். வெயிலில் சாயம் சிதைந்து ஊதா மட்டும் மிஞ்சுகிறது. நீராவிக் கருவி கிடைத்தால் வெளிப்பக்கமிருந்து இரண்டு நிமிடம் சூடு காட்டி, உள்ளே ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, 45 டிகிரியில் மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் ஃபிலிம் மட்டும் வரும், பசை கண்ணாடியிலேயே நிற்கும். பசை நின்றுவிட்டால் சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவைத்துக் கதவுக் கண்ணாடிகளைப் பிளேடால் சுரண்டலாம். பின் கண்ணாடிக்குத் துணி மட்டும். புது ஃபிலிமை அன்றைக்கே ஒட்டாமல், மறுநாள் வெளிச்சத்தில் கண்ணாடியைச் சாய்வாகப் பாருங்கள். பசைத் திட்டு எங்கே மிச்சம் என்று அப்போதுதான் தெரியும்.