வேலை போன பணத்தில் புத்தகம் போடலாமா?

கேள்வி: நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. இனி எழுத்துதான் என்று முடிவெடுத்திருக்கிறேன். சிறுகதைத் தொகுப்பு தயாராக இருக்கிறது. 45,000 ரூபாய் கொடுத்தால் 300 பிரதி போட்டுத் தருவதாக ஒரு பதிப்பாளர் சொல்கிறார். செட்டில்மென்ட் பணத்திலிருந்து கொடுக்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். இப்போதைக்கு அதுதான் உங்கள் வாடகை, அரிசி, பிள்ளைகளின் ஃபீஸ். கணக்கு போட்டுப் பாருங்கள்: புத்தக விலை 200 ரூபாய், ராயல்டி, அதாவது விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் எழுதியவருக்கு வரும் பங்கு, 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 300 பிரதியும் விற்றுத் தீர்ந்தால்கூடக் கைக்கு வருவது 6,000 ரூபாய்தான். தமிழில் கதை எழுதி மட்டும் குடும்பம் நடத்துவது மிகச் சிலருக்கே முடிகிறது. பெருமாள்முருகன் அரசுக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டும், இமையம் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டும்தான் எழுதினார்கள், அதனால் அவர்கள் எழுத்து குறைந்துபோகவில்லை. மெய்ப்பு பார்க்க, மொழிபெயர்க்க, சப்டைட்டில் எழுதப் பிழையில்லாத தமிழ் தெரிந்த ஆள் எப்போதும் தேவை. உங்களுக்கு அந்தப் பயிற்சி இருக்கிறது, பழைய நண்பர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

புத்தகத்துக்கு உங்கள் பணம்தான் வேண்டும் என்றில்லை. சிறந்த நூல்களை வெளியிடத் தமிழ் வளர்ச்சித் துறை நிதியுதவி தருகிறது. வருமான வரம்பு போன்ற நிபந்தனைகள் உண்டு, விண்ணப்பம் எப்போது என்று விசாரியுங்கள். அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூலை நீங்களே, காசு கட்டாமல் வெளியிடலாம்.

சரி, யார் வெளியிட்டாலும் ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் உரிமை கைமாறாது. எத்தனை வருடம் என்று அதில் குறிப்பிடவில்லை என்றால் 5 வருடம், எந்த இடத்துக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, அது காலாவதியாகிவிடும். 'அனைத்து உரிமைகளும்' என்ற ஒரே வரியில் ஆடியோ, மின்னூல், சினிமா, மொழிபெயர்ப்பு எல்லாம் போய்விடுகிறது, அந்த வரி இருந்தால் அடித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பேசுங்கள். உங்கள் ஆயுள் முழுக்க அந்தக் கதைகள் உங்களுடையவை, அப்புறம் 60 வருடம் உங்கள் வாரிசுகளுடையவை.

அந்தப் பதிப்பாளரிடம், பணம் வாங்காமல் ராயல்டிக்குப் போடுவீர்களா என்று நேராகவே கேளுங்கள். மறுத்தால், ஜனவரியில் நந்தனத்தில் நடக்கிற சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒரு நாள் போய், உங்கள் மாதிரிக் கதைகளை யார் போடுகிறார்கள் என்று அரங்கு அரங்காகப் பாருங்கள். அதற்குள் தொகுப்பின் நல்ல கதைகளில் இரண்டையாவது இதழ்களுக்கு அனுப்பிவிடுங்கள், ஏற்கனவே அச்சில் வந்த கதைகளோடு போனால் பதிப்பாளர் உங்களிடம் பேசும் விதமே வேறாக இருக்கும்.