எய்ட்டி ஷில்லிங் கேட்டு வாங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எடின்பரோவில் மேற்படிப்பு படிக்கிறேன். வகுப்பு நண்பர்கள் ஒரு பழைய பப்புக்குக் கூட்டிப்போய் காஸ்க் ஏல் என்ற பீப்பாய் பீரை வாங்கித் தந்தார்கள். சில்லென்றும் இல்லை, நுரைத்துப் பொங்கவும் இல்லை. கெட்டுப்போன பீரா, இல்லை அதன் இயல்பே அப்படித்தானா?

பதில்: இயல்பே அப்படித்தான், தைரியமாகக் குடிக்கலாம். நமக்குப் பழக்கமான லாகரை ஆலையிலேயே வடிகட்டி, ஈஸ்ட்டை நீக்கி, கரியமில வாயு ஏற்றி, கடையில் ஐந்து டிகிரிக்கும் கீழே குளிரவைத்து ஊற்றுகிறார்கள். காஸ்க் ஏல் அப்படி முடிந்துபோன சரக்கு இல்லை. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே அதைப் பப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே நிலவறையில் அது இரண்டாம் முறை நொதித்து, தனக்கு வேண்டிய வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை என்பதால்தான் அந்த மென்மையான குமிழ். ஊற்றும் வெப்பம் 11 முதல் 13 டிகிரி வரை. அதைவிடக் குளிர்ந்தால் மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், சுவை நாக்குக்குத் தெரியாமல் போய்விடும்.

இதில் புரூவரி, அதாவது பீர் ஆலை, செய்வது பாதி வேலைதான். பீப்பாயை அசையாமல் கிடத்தி, மேல்துளையில் மரக்குச்சி செருகி மிகுதி வாயுவை மெல்ல வெளியேற்றி, கசடு அடியில் படியும்வரை காத்திருந்து, இன்று திறக்கலாமா நாளைக்கா என்று முடிவு செய்வதெல்லாம் பப்பின் நிலவறையைப் பார்த்துக்கொள்பவரின் பொறுப்பு. திறந்துவிட்டால் காற்று உள்ளே போகும், அப்புறம் நல்ல சுவை மூன்று நாள் நின்றால் அதிகம். மரத்திலிருந்து இறக்கிய கள் நேரம் ஆக ஆகப் புளிப்பேறுகிறதே, அதே கதைதான், என்ன, இது கொஞ்சம் நிதானமாக நடக்கும். ஒரு ஃபர்கின் பீப்பாயில் 9 கேலன், அதாவது 72 பைண்ட். மூன்று நாளில் அதைக் காலி செய்யக் கூட்டம் வேண்டும், அதனால் காஸ்க் ஏல் நன்றாக விற்கும் பப்பைத் தேடிப் போங்கள். அலங்காரம் எவ்வளவு அழகாக இருந்தாலும், நாளுக்கு நாலு பேர் மட்டும் அதைக் கேட்கும் இடத்தில் நல்ல பைண்ட் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: பலகையில் 70/-, 80/- என்று எழுதியிருக்கிறதே, விலையா அது?

பதில்: ஒரு காலத்தில் விலைதான். 19ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய பீப்பாய் ஏலுக்கு எத்தனை ஷில்லிங் என்று பட்டியலில் போட்டார்களோ, அந்த எண்ணே பீருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. திடம் கூடினால் விலையும் கூடும். 1971இல் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறி ஷில்லிங்கே போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை. இன்றைய கணக்கில் 60 என்றால் லைட், ஆல்கஹால் 3.5 சதவீதத்துக்கும் கீழே. 70 என்றால் ஹெவி, 3.5 முதல் 4 வரை. 80 என்றால் எக்ஸ்போர்ட், 4க்கு மேல் ஐந்தரைக்குள். 90ஐ எட்டினால் வீ ஹெவி, 6 சதவீதத்துக்கு மேல் போகும், அதைப் பெரும்பாலும் பாட்டிலில்தான் பார்ப்பீர்கள். ‘லைட்’ என்பது திடத்தைச் சொல்கிறது, நிறத்தை அல்ல. லைட் கேட்டவருக்குக் கறுத்த பீர் வந்தால் திகைக்க வேண்டாம்.

முதல்முறை என்றால் 80 கேளுங்கள். 70 பல இடங்களில் கொஞ்சம் நீர்த்துத் தெரியும், 80இல்தான் மால்ட்டுக்கு உடம்பு வருகிறது.

கேள்வி: சுவைப்பதற்கென்று முறை ஏதாவது உண்டா? எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே கசக்கிறது.

பதில்: கசப்பையே தேடினால் ஸ்காட்டிஷ் ஏலில் அது பின்னால்தான் நிற்கும். முதலில் கவுன்டரில் கொஞ்சம் சாம்பிள் கேளுங்கள், பெரும்பாலான பப்களில் முகம் சுளிக்காமல் சின்னக் கிளாஸில் ஒரு மடக்கு ஊற்றித் தருவார்கள், பிடித்தால் அரை பைண்ட் வாங்கலாம். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: செம்பு நிறமோ அடர்பழுப்போ, தெளிவாக இருக்க வேண்டும். பிறகு முகருங்கள். டாஃபி, பிஸ்கட், சில சமயம் உலர்திராட்சை. முதல் மடக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், லாகர் பழகிய வாய் அப்போது குளிர்ச்சியைத்தான் தேடிக்கொண்டிருக்கும். இரண்டாவது, மூன்றாவது மடக்கில்தான் இனிப்பு முன்னால் வந்து, வறுத்த பார்லியின் உலர்ந்த சுவை நடுவில் தட்டி, மெல்லிய கசப்போடு முடிவது புரியும். கிளாஸ் பாதியாகும்போது இன்னும் கொஞ்சம் வெப்பம் ஏறியிருக்கும், எனக்கு மிகப் பிடித்தது அந்தக் கடைசிப் பாதிதான். அவசரப்படாமல் குடிப்பவருக்கு மட்டுமே அது கிடைக்கும்.

கேள்வி: வினிகர் மாதிரி புளித்தது. திருப்பிக் கொடுக்கலாமா? சங்கடமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகக் கொடுங்கள். வினிகர் புளிப்பு என்றால் பீப்பாய் திறந்து நாளாகிவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. பாதி குடித்துவிட்டுச் சொல்லாமல் இரண்டு மடக்கிலேயே எடுத்துப்போய், “இது சரியில்லை என்று நினைக்கிறேன், ஒருமுறை பார்க்கிறீர்களா?” என்று கேட்டால் போதும். அக்கறையுள்ள பப்பில் தாங்களும் சுவைத்துப் பார்த்து மாற்றித் தருவார்கள், அந்தப் பீப்பாயையும் மூடுவார்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டு வந்தால் அடுத்து வருபவருக்கும் அதே புளிப்புதான்.

கேள்வி: நான் சுத்த சைவம். பீரில் மீன் சேர்க்கிறார்கள் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். கசடைச் சீக்கிரம் அடியில் இறக்குவதற்கு ஐசிங்கிளாஸ் சேர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது, அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. கசடோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும், கிளாஸுக்கு வருவது மிகமிகக் குறைவு. ஆனால் விரதம், கொள்கை என்று இருப்பவருக்கு ‘குறைவு’ என்பது பதிலாகாது. இப்போது அது சேர்க்காத ஏலும் கிடைக்கிறது, ‘வீகன்’ என்றோ ‘அன்ஃபைன்ட்’ என்றோ குறித்திருப்பார்கள். அது கலங்கலாக இருக்கலாம், அந்தக் கலங்கலைக் குறை சொல்லக்கூடாது. எழுதியில்லை என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஸ்காட்டிஷ் ஏலில் விஸ்கிபோலப் புகை வாசனை வரும் என்று படித்தேன். எனக்கு வரவே இல்லையே?

பதில்: வராது. பீட் என்ற சதுப்புநிலக் கரிமண்ணை எரித்து வரும் புகை சில விஸ்கிகளுக்கு உரியது, ஏலுக்கு அது மரபு கிடையாது. இன்னொன்றும் சொல்வார்கள்: ஸ்காட்லாந்தில் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ விளையாது, அதனால் போடவும் மாட்டார்கள் என்று. விளைச்சல் இல்லை என்பது சரி. ஆனால் 19ஆம் நூற்றாண்டு எடின்பரோ புரூவரிகள் ஹாப்ஸ் நிறையப் போட்ட வெளிர் ஏலைக் காய்ச்சி, இந்தியா வரை கப்பலேற்றின. அந்த ஊர்க் கிணற்றின் கடினநீர் அதற்கு வாகாக இருந்தது.

கேள்வி: எடின்பரோவில் எங்கே போகலாம்?

பதில்: பழைய நகரத்தில் வெஸ்ட் போ தெருவில் இருக்கும் போ பார். சின்ன இடம், கவுன்டரில் உயரமான தூண்குழாய்கள் நிற்கும், கவனித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் கைப்பம்பை இழுத்து ஊற்றுவார்கள், ஸ்காட்லாந்தின் பழைய முறையில் காற்றழுத்தம் பீரை மேலே தள்ளும், தூணின் குழாயைத் திறந்தால் போதும். ஒரு காலத்தில் அந்த அழுத்தத்தையே குழாய்த்தண்ணீரின் விசையால் உண்டாக்கினார்கள். இன்று அந்தத் தூண்கள் உள்ள பப்கள் குறைவு, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அடுத்து, ஆங்கிள் பார்க் டெரஸில் 1897இல் திறந்த அத்லெடிக் ஆர்ம்ஸ். பக்கத்து இடுகாடுகளில் குழி தோண்டியவர்கள் வேலை முடிந்து வந்து குடித்த இடம் என்பதால் ஊரே அதை டிகர்ஸ் என்றுதான் கூப்பிடும். எண்பது ஷில்லிங்குக்குப் பேர்போன பப்.

ஒரு வருத்தம் உண்டு. 1869இல் தொடங்கிய கலிடோனியன் புரூவரியை 2022இல் மூடிவிட்டார்கள். அங்கே காய்ச்சிய டூகர்ஸ் ஐபிஏ என்ற ஏல் 2002இல் பிரிட்டனின் தலைசிறந்த பீர் என்ற பரிசை வாங்கியது. 1719 முதல் டன்பாரில் காய்ச்சும் பெல்ஹேவன் இன்னும் இருக்கிறது. எடின்பரோவிலிருந்து தெற்கே போக நேரம் இருந்தால் ட்ராக்வேர் மாளிகைக்குப் போங்கள், 1965இல் அந்த வீட்டின் பழைய புரூவரியை அதன் உரிமையாளர் மறுபடி இயக்கினார். அங்கே காய்ச்சும் ஏல் 7.2 சதவீதம், நாலு பேர் ஒரு பாட்டிலைப் பகிர்ந்தாலே போதும்.

கேள்வி: ஒரே ஒரு பைண்ட் குடித்துவிட்டுக் கார் ஓட்டலாமா?

பதில்: கூடாது. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80. ஒரு பைண்ட்டே சிலரை வரம்பைத் தாண்டவைக்கும், மாட்டினால் குறைந்தது ஒரு வருடம் உரிமம் போய்விடும். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வாருங்கள்.