‘கட்டணமே இல்லை’ என்பவரிடம் பணம் அனுப்பலாமா?

கேள்வி: வெளிநாட்டில் வேலை பார்க்கிறேன், மாதம் 400 டாலர் வீட்டுக்கு அனுப்புகிறேன். இப்போது அனுப்பும் நிறுவனம் 5 டாலர் கட்டணம் வாங்குகிறது, இன்னொன்று கட்டணமே இல்லை என்கிறது. மாறிவிடலாமா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்க்காமல் மாறாதீர்கள். இந்தத் தொழிலில் யாரும் சும்மா வேலை செய்வதில்லை, கட்டணத்தில் விட்டதை மாற்று விகிதத்தில் எடுத்துவிடுவார்கள். சந்தையில் ஒரு டாலருக்கு உங்கள் நாட்டுப் பணம் 100 என்று வைத்துக்கொள்வோம். இலவசம் என்பவர் 97 தருகிறார், 400 டாலருக்கு வீட்டில் 38,800 சேரும். கட்டணம் வாங்குபவர் 5 டாலரைக் கழித்துவிட்டு மீதி 395-க்கு 99.50 வீதம் தந்தால் 39,302 சேரும். ஒரே மாதத்தில் 500 வித்தியாசம்! ரசீதில் ‘கட்டணம் 0’ என்பது பளிச்சென்று இருக்கும், 97 சின்ன எழுத்தில் எங்கேயோ கிடக்கும், சந்தை விகிதத்தையோ தேடினாலும் காணோம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, கவனமாகப் பாருங்கள். அனுப்பும் தொகை சிறியது என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். அதே விகிதத்தில் 50 டாலர் அனுப்பினால் இலவசக்காரர் வழியாக 4,850 சேரும், மற்றவர் வழியாக 4,477 தான், ஏனென்றால் அந்த 5 டாலர் ஐம்பதில் பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. 200 டாலருக்கு இரண்டும் ஏறக்குறைய சமம், அதற்கு மேலே போகப் போக கட்டணம் வாங்குபவரே லாபம். ஆகவே 400-ஐ இருநூறு இருநூறாகப் பிரித்து அனுப்பாதீர்கள், கட்டணத்தை இரண்டு முறை கட்டி, கிடைத்த லாபத்தை நீங்களே அழித்துக்கொள்வீர்கள்.

இப்படி ஒரு தொழிலாளி கால்குலேட்டரோடு உட்கார வேண்டியிருப்பதே அநியாயம். சராசரி அனுப்புச் செலவை 10 விழுக்காட்டிலிருந்து ஐந்தே ஆண்டில் 5 ஆக்குவோம் என்று ஜி8 என்ற எட்டு பெரிய நாடுகளின் குழு 2009-இல் சொன்னது, நடக்கவில்லை. 2030-க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே என்று 2015-இல் ஐ.நா. சொன்னது. உலக வங்கிக் கணக்கில் 200 டாலர் அனுப்ப இன்னும் 6 விழுக்காட்டுக்கு மேல்தான் ஆகிறது, அதிலும் வங்கிகள் வழியாக அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் அதிகச் செலவு. ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்கு அந்நிய நேரடி முதலீட்டைவிட இந்த மக்கள் அனுப்பும் பணம்தான் அதிகமாகப் போகிறது, ஆனால் சலுகையெல்லாம் முதலீட்டாளருக்கு. சில நாடுகளில் அஞ்சலகங்களே ஒரே நிறுவனத்தோடு தனி ஒப்பந்தம் போட்டு மற்றவர்களை உள்ளே விடாமல் வைத்திருந்தன, அப்புறம் விலை எப்படிக் குறையும்?

இன்னொன்று, இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சந்தையைவிட நல்ல விகிதம் தருகிறேன் என்று அறையிலேயே வந்து பணம் வாங்கிக்கொள்ளும் உண்டியல்காரரிடம் போகாதீர்கள். அவர் கையில் ரசீது கிடையாது, பணம் போகாவிட்டால் எங்கே போய்ப் புகார் கொடுப்பீர்கள்? அவர் உங்கள் வீட்டுக் கணக்கில் போடுவது யாருடைய பணம் என்றும் தெரியாது. அது மோசடிப் பணமாக இருந்துவிட்டால் முடக்கப்படுவது உங்கள் அம்மாவின் வங்கிக் கணக்கு.

விகிதம் ஏறட்டும் என்று காத்திருப்பதும் வேண்டாம், அதை யாராலும் சொல்ல முடியாது. அடுத்த சம்பளத்தன்று இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில், “நான் மொத்தமாக 400 தருகிறேன், எல்லாப் பிடித்தமும் போக வீட்டில் கையில் எவ்வளவு கிடைக்கும்?” என்று மட்டும் கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் ‘கட்டணம் இல்லை சார்’ என்றே திரும்பத் திரும்பச் சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.