நான்கு சைக்கிள்களையும் காரில் கொண்டுபோக எந்த ஹிட்ச், எந்த ரேக் வாங்கலாம்?

கேட்டிருப்பவர் பாளையங்கோட்டையில் குடியிருக்கிறார். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஆகிய நால்வரின் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு விடுமுறை நாட்களில் மணிமுத்தாறு, திருச்செந்தூர் என்று போய்வர விரும்புகிறார். காரின் பின்பக்க அடியில் ஹிட்ச் (ரேக்கைச் செருகுவதற்கான இரும்பு அமைப்பு) பொருத்தி, அதில் சைக்கிள்களைத் தாங்கும் ரேக்கை மாட்டுவதா, கூரையில் ஏற்றுவதா என்பது அவருடைய கேள்வி. எங்கள் வீட்டிலும் நால்வர்தான். மூன்று ஆண்டுகளாக இதைச் செய்துவருவதால், கடைக்குப் போவதற்கு முன்பே சைக்கிள்களை எடைபோட்டுவிடுங்கள் என்பதையே முதலில் சொல்வேன்.

தெருமுனை அரிசிக்கடைத் தராசில் நாங்கள் நிறுத்துப் பார்த்தபோது என் சைக்கிள் 15 கிலோவும், மனைவியின் லேடீஸ் சைக்கிள் 17 கிலோவும், மகனுடையது 13 கிலோவும், மகளுடையது 9 கிலோவும் இருந்தன. மொத்தம் 54 கிலோ. ரேக்கின் எடை 24 கிலோ என்பதால் ஹிட்ச் தாங்க வேண்டியது 78 கிலோ ஆயிற்று. ரேக்கின் எடையைச் சேர்க்காமல் கணக்குப் போடுவதுதான் பலரும் செய்யும் பிழை. இந்த 78 கிலோவும் பின் அச்சுக்கு மேலே உட்காருவதில்லை, அதற்கும் பின்னால் தொங்குகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.6 மீட்டர் இருந்து, சுமையின் மையம் பின் அச்சிலிருந்து 1.3 மீட்டர் தள்ளி இருந்தால், பின் சக்கரங்களின் மேல் 117 கிலோ கூடுகிறது. முன் சக்கரங்களிலிருந்து 39 கிலோ குறைகிறது. டிக்கியிலும் சாமான்களை அடைத்தால் ஸ்டியரிங் இலேசாகிப்போவதைக் கையிலேயே உணரலாம். ஆகவே கனமான சைக்கிளைக் காரை ஒட்டியும், பிள்ளைகளுடையதை வெளிப்பக்கத்திலும் வையுங்கள்.

ஹிட்ச் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும். முதலில் ஒரு பட்டறையில் பம்பருக்குப் பின்னால் இருக்கும் தகட்டோடு சேர்த்து வெல்டிங் செய்து வாங்கினேன். நான்கு மாதம் கழித்துக் காரின் அடிப்பகுதியைக் கழுவும்போது, வெல்டிங் ஓரத்தில் தலைமுடி அளவுக்குத் துருக்கோடு ஒன்று ஓடியிருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தபோது அது விரிசல் என்று தெரிந்தது. பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரரை நினைத்தபோது எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. உங்கள் கார் மாடலுக்கென்றே செய்யப்பட்டு, சேஸிஸின், அதாவது காரின் அடிச்சட்டகத்தின், இரு பக்கச் சட்டங்களிலும் போல்ட் போட்டு இறுக்கக்கூடிய ஹிட்ச்சை மட்டுமே வாங்குங்கள். சதுரக் குழாய் உள்ள ஹிட்ச்சில் ஒன்றேகால் அங்குலம், இரண்டு அங்குலம் என இரு அளவுகள் உண்டு. நான்கு சைக்கிளுக்கு இரண்டு அங்குலமே நல்லது. சிறிய குழாயில் அடாப்டர் செருகிப் பெரிய ரேக்கை மாட்டினால் சுமை இன்னும் பின்னால் தள்ளிப்போகும், தாங்கும் அளவும் குறையும். காரின் கையேடு, ஹிட்ச், ரேக் ஆகிய மூன்றும் சொல்லும் எடை வரம்புகளில் மிகக் குறைந்தது எதுவோ அதுவே உங்கள் வரம்பு. உங்கள் கார் ஹிட்ச்சே பொருத்தக் கூடாது என்று தயாரிப்பாளர் சொல்லும் வகையாக இருந்தால், ஹிட்ச்சை விட்டுவிட்டு, கூரையில் இரண்டு சைக்கிள்களோடு நிறுத்திக்கொள்வதே சரி. பொருத்துவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரேக்கில் சைக்கிளை அதன் மேல் பாரால் (சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையிலுள்ள குழாய்) தொங்கவிடும் வகை இலேசானது, விலையும் குறைவு. ஆனால் லேடீஸ் சைக்கிளுக்கும் பிள்ளைகளின் சைக்கிளுக்கும் நேரான பார் இருக்காது. தனியாக ஒரு கம்பி மாட்டித்தான் தொங்கவிட வேண்டும். அப்போதும் ஒன்றோடொன்று உரசிப் பெயின்ட் போகும். சக்கரங்களைத் தட்டில் நிறுத்திக் கட்டும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. குடும்பத்துக்கு அதையே வாங்கச் சொல்வேன். சைக்கிள் டயர் சைலன்சர் வாய்க்கு நேரே வராமலும், நம்பர் பிளேட்டும் பின் விளக்குகளும் மறையாமலும் இருக்கின்றனவா என்று கடையிலேயே நான்கையும் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

கூரையில் ஏற்றுவதை நான் விரும்புவதில்லை. பதினேழு கிலோவைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரியது காற்று. கன்னியாகுமரிச் சாலையில் பணகுடியைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும்போது, காற்றாலைகள் ஏன் அங்கே அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பது வண்டியின் பக்கவாட்டில் விழும் அடியிலேயே தெரிந்துவிடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; கூரையில் நிற்கும் சைக்கிள்கள் அந்தக் காற்றுக்குப் பாய்மரம் போலாகிவிடும். காருக்குப் பின்னால் இருப்பவற்றை அது அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை.

எங்கள் ஊர் வெயிலில் ரேக்கில் சைக்கிளைக் கட்டும் ரப்பர்ப் பட்டைகள் வெடித்துவிடுவதால், மாற்றுப் பட்டைகள் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். மணிமுத்தாறு போகும்போது சேரன்மகாதேவியில் ஒருமுறை வண்டியை நிறுத்தி, ரேக்கை ஹிட்ச்சோடு பூட்டும் பின் (pin) சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆட்டத்தைத் தடுக்கும் போல்ட்டை ஸ்பேனரால் இறுக்கிப் பார்ப்பேன். முதல் வேகத்தடைகளைக் கடந்த பிறகு பெரும்பாலும் அரைச் சுற்றாவது இறுகும்.