மயலின் செல்லை முதிர விடாமல் பிடித்து வைப்பது எது? கேள்வி பதில்

நரம்பு இழைகளைச் சுற்றியிருந்து சமிக்ஞை வேகமாகப் போக உதவும் கொழுப்பு நிறைந்த உறைதான் மயலின். மூளையில் அதைச் செய்யும் செல்கள் எப்படி உருவாகின்றன, மரபணுக்கள் அவற்றை எப்படி நடத்துகின்றன என்று நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மேடம், எல்லா செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தானே? அப்புறம் ஒரு வகை செல் மட்டும் ஏன் மயலின் செய்கிறது?

டி.என்.ஏ. ஒன்றுதான். மயலினுக்கு வேண்டிய மரபணுக்கள் நரம்பணுவிலும் இருக்கின்றன, ஆனால் அங்கே அவை மூடிக் கிடக்கின்றன. எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதைப் பெரும்பாலும் படியெடுத்தல் காரணிகள் என்ற புரதங்கள் முடிவு செய்கின்றன. இவை டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு, ஒரு மரபணுவைத் தூண்டும் அல்லது அடக்கும். இந்தப் புரதங்களின் சேர்க்கை மாறினால் செல்லின் தொழிலும் மாறும். மூளையிலும் தண்டுவடத்திலும் மயலின் செய்வது ஆலிகோடென்ட்ரோசைட். ஒரே செல் பல கிளைகளை நீட்டி, ஆக்சான் எனப்படும் நரம்பணுவின் நீண்ட இழைகளில் ஐம்பது துண்டுகள் வரைகூட உறை சுற்றும். கை கால் நரம்புகளில் அந்த வேலை ஷ்வான் செல்லுடையது. அது ஒரே ஒரு துண்டோடு நின்றுவிடும்.

கேள்வி: கருவில் முதல் உத்தரவு எங்கிருந்து வருகிறது?

தண்டுவடத்தில் இது நன்றாகவே தெரிந்த கதை. கருவின் தண்டுவடத்துக்கு அடியிலிருந்து சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் புரதம் கசிகிறது. அது போதிய அளவு சேரும் பட்டையில் ஆலிக்2 என்ற மரபணு இயங்கத் தொடங்கும். 2000-ல் அடையாளம் காணப்பட்ட மரபணு இது.

வேடிக்கை என்னவென்றால், அதே பட்டையிலிருந்து முதலில் வருவது மயலின் செல் இல்லை, தசையை இயக்கும் நரம்பணு. அது முடிந்த பிறகுதான் ஆலிகோடென்ட்ரோசைட்டின் முன்னோடிச் செல்கள் வருகின்றன. ஆலிக்2 புரதத்தில் 147-ஆவதாக உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஒட்டியிருக்கும் வரை நரம்பணு பிறக்கிறது, அது நீங்கினால் முன்னோடிச் செல் பிறக்கிறது என்று எலிக் கருவில் 2011-ல் காட்டினார்கள். ஒரு மரபணுவின் பெயரைச் சொல்லி 'இது மயலின் மரபணு' என்று முத்திரை குத்துவது எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம்.

கேள்வி: முன்னோடிச் செல் தயாராகிவிட்டது என்றால் உடனே உறை சுற்ற வேண்டியதுதானே? ஏன் காத்திருக்கிறது?

காத்திருக்கவில்லை, பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பாடப்புத்தகங்கள் தூண்டும் காரணிகளைத்தான் வரிசையாகச் சொல்லும். என்னைக் கேட்டால் அடக்கும் காரணிகளே இந்தக் கதையின் பாதி.

முன்னோடிச் செல்லில் ஹெஸ்5, ஐடி2, ஐடி4, சாக்ஸ்5, சாக்ஸ்6 ஆகிய புரதங்கள் சேர்ந்து முதிர்ச்சியைத் தடுக்கின்றன. செல்லின் மேற்பரப்பில், பி.டி.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைப் பிடிக்கும் ஏற்பி 'இன்னும் பெருகு, பெருகு' என்று தள்ளிக்கொண்டே இருக்கிறது. இத்தனையும் விலக வேண்டும். டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் குழுக்கள் என்ற வேதி ஒட்டுகளை நீக்கும் நொதிகள் வந்து, தடுக்கும் மரபணுக்கள் இருக்கும் பகுதியை இறுக்கி மூடுகின்றன. பிறந்த எலிக்குட்டிகளில் இந்த நொதிகளை மருந்தால் முடக்கியபோது மயலின் உருவாவது தாமதமானது. இன்னொரு பக்கம் மைக்ரோ ஆர்.என்.ஏ.-219 என்ற சிறு மூலக்கூறு, சாக்ஸ்6, ஹெஸ்5, அந்த பி.டி.ஜி.எஃப். ஏற்பி ஆகியவற்றின் தூது ஆர்.என்.ஏ.வை, அதாவது மரபணுவிலிருந்து எடுத்த நகலை, பிடித்து, புரதமாக விடாமல் செய்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. செய்யும் நொதியை இந்தச் செல்களில் எடுத்துவிட்டால், செல் முதிராமல் நின்றுபோகிறது.

தடைகள் தளர்ந்த பிறகே சாக்ஸ்10 என்ற தூண்டும் காரணிக்கு வழி கிடைக்கிறது. அது முன்னோடிச் செல்லிலேயே இருந்ததுதான், சாக்ஸ்5-ம் சாக்ஸ்6-ம் அதன் இடத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. இப்போது அது மிர்ஃப் என்ற மரபணுவைத் தூண்டும், பிறகு இரண்டும் சேர்ந்து மயலின் புரதங்களின் மரபணுக்களைத் திறக்கும்.

கேள்வி: மிர்ஃப் மற்ற காரணிகளைப் போல இல்லை என்கிறார்களே, அப்படியா?

ஆமாம், விசித்திரமான புரதம் அது. நேராக உட்கருவுக்குள் போகாமல், செல்லுக்குள் உள்ள எண்டோபிளாச வலைப்பின்னல் என்ற சவ்வு அமைப்பில் குத்தி நிற்கிறது. மூன்று பிரதிகள் ஒன்றுசேர்ந்ததும் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும். வெட்டுப்பட்ட முன்பாதி உட்கருவுக்குப் போய் டி.என்.ஏ.வில் ஒட்டும். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் வால் முள்ளில் காணப்படும் ஒரு பகுதியைப் போன்றது இதன் வெட்டும் பகுதி.

கேள்வி: மரபணு திறந்தால் போதுமா? புரதம் உறைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது?

மயலின் பேசிக் புரதம், சுருக்கமாக எம்.பி.பி., எங்கே போனாலும் சவ்வுகளை ஒட்டவைக்கும். செல்லின் நடுவிலேயே உருவானால் குழப்பம்தான். அதனால் அதன் தூது ஆர்.என்.ஏ. சிறு துகள்களாகக் கட்டப்பட்டு, வழியெல்லாம் வாய்மூடிப் பயணித்து, உறையின் முனையில்தான் புரதமாகிறது. கட்டுப்பாடு டி.என்.ஏ.வோடு முடிவதில்லை.

கேள்வி: ஆலிக்2 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறதாமே. டவுன் சிண்ட்ரோமுக்கு அதுதான் காரணமா?

இடம் சரி. டவுன் சிண்ட்ரோமில் 21-ஆம் குரோமோசோம் ஒரு பிரதி கூடுதலாக இருக்கிறது. ஆனால் காரணத்தை ஒரே மரபணுவின் தலையில் கட்டாதீர்கள். அந்த குரோமோசோமில் புரதம் தரும் மரபணுக்கள் மட்டுமே இருநூறுக்கு மேல்.

கேள்வி: அப்படியானால் ஒரு மரபணு கூடுதலாக இருந்தால் தீங்கு வராதா?

வரும். மூளையில் மயலின் சரியாக உருவாகாத பெலிசயஸ்-மெர்ஸ்பாக்கர் என்ற பரம்பரை நோயே சாட்சி. எக்ஸ் குரோமோசோமில் உள்ள, மயலின் புரதம் ஒன்றைத் தரும் பி.எல்.பி.1 மரபணு இரட்டிப்பாவதுதான் அந்த நோய்க்கு மிகப் பொதுவான காரணம். மரபணு பழுதாகவில்லை, அளவு மட்டும் கூடியிருக்கிறது. அதே மரபணு முழுதாக இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் பாதிப்பு லேசாகவே இருக்கிறது.

கேள்வி: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் இழந்த மயலினைத் திரும்பக் கொண்டுவர இதெல்லாம் உதவுமா?

உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே மயலினைத் தாக்கும் நோய் அது. புண்பட்ட இடங்கள் பலவற்றில் முன்னோடிச் செல்கள் இருக்கவே செய்கின்றன, ஆனால் முதிராமல் நிற்கின்றன. அதனால்தான் தடைகளை நீக்கும் மருந்து தேடுகிறார்கள். கிளெமாஸ்டின் என்ற பழைய ஒவ்வாமை மருந்தை 50 நோயாளிகளிடம் சோதித்து 2017-ல் வெளியிட்ட முடிவில், பார்வை நரம்பில் சமிக்ஞையின் தாமதம் சிறிதளவு குறைந்தது. ஊக்கம் தரும் செய்திதான், ஆனால் சிகிச்சை என்று சொல்லும் நிலை இல்லை. யாரும் கடையில் வாங்கி விழுங்கிவிட வேண்டாம்.

கேள்வி: பெரியவர்களின் மூளையிலும் இந்தச் செல்கள் உருவாகின்றனவா? அதனால் என்ன பயன்?

முன்னோடிச் செல்கள் வாழ்நாள் முழுக்க இருக்கின்றன. மனிதர்களில் முதிர்ந்த செல்கள் மெதுவாகவே புதுப்பிக்கப்படுகின்றன. பயன் என்ன என்பதற்கு 2014-ல் வந்த எலிச் சோதனை ஒன்று நல்ல விடை. வளர்ந்த எலிகளின் முன்னோடிச் செல்களில் மிர்ஃபை மட்டும் நீக்கினார்கள். பழைய மயலின் அப்படியே இருந்தது, புதியது உருவாகவில்லை. படிகள் சீரற்ற இடைவெளியில் உள்ள ஓட்டச் சக்கரத்தில் ஓட அந்த எலிகளால் சரியாகக் கற்றுக்கொள்ள முடியவில்லை. ஆனால் மிர்ஃபை நீக்கும் முன்பே ஓடிப் பழகிய எலிகளுக்கு அந்தத் திறமை குறையவில்லை.