நாணய மாற்று விகிதத்தின் ஏற்ற இறக்கம் தற்செயலா, கேயாஸா?

கேயாஸ் என்பதை வெறும் குழப்பம் என்று எடுத்துக்கொள்வதால்தான் இந்தக் கேள்வி சிக்கலாகிறது. அது விதிக்கு முழுக்கக் கட்டுப்பட்ட இயக்கம்; ஆனால் தொடக்கத்தில் உள்ள மிகச் சிறிய வேறுபாடும் போகப்போகப் பெரிதாகிவிடும். கால்குலேட்டரில் 0.3-ஐ, ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் வரும் 0.7-ஆல் பெருக்கி, மேலும் நான்கால் பெருக்குங்கள். வந்த விடையை வைத்து அதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். 0.3-இல் தொடங்கினால் முதல் விடை 0.84, 0.301-இல் தொடங்கினால் 0.8416. பத்தாவது விடையோ முன்னதற்கு 0.04, பின்னதற்கு 0.62. அதாவது, கேயாஸில் அடுத்த அடியைக் கணிக்கலாம். தொலைவில் இருப்பதைத்தான் கணிக்க இயலாது. வானிலை அப்படிப்பட்டது.

நாணயச் சந்தையில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். வாங்கும் திறனை ஒட்டிய மதிப்பை, அதாவது ஒரே பொருள்களுக்கு இரு நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே செலவாகும் மதிப்பை, நோக்கி விகிதங்கள் பல ஆண்டுகளில் மெல்லத் திரும்புவதுண்டு. நாளைய விலைதான் பிடிபடுவதில்லை. அன்றைய ஜெர்மன் மார்க், யென், பவுண்டு ஆகியவற்றுக்கு எதிரான டாலர் மதிப்பை ஆராய்ந்த பொருளியலாளர்கள் மீஸும் ரோகாஃபும், வட்டி, பணப்புழக்கம் போன்றவற்றின் பிற்கால உண்மை அளவுகளையே முன்கூட்டிக் கொடுத்தும், ஓராண்டு வரையிலான கணிப்பில் பொருளாதார மாதிரிகளால் 'இன்றைய விலையே நாளைய விலை' என்ற எளிய ஊகத்தை வெல்ல முடியவில்லை என்று 1983-இல் காட்டினார்கள்.

அதற்காக இதை நாணயம் சுண்டுவதோடு ஒப்பிட நான் தயாரில்லை. ஏறுமா இறங்குமா என்பது தெரியாவிட்டாலும், பெரிய அசைவை அடுத்துப் பெரிய அசைவுகளே வருகின்றன. அமைதியான நாள்களும் கூட்டமாகவே வருகின்றன. இவ்வகை மாறுதலை அளக்கப் பொருளியலாளர் எங்கிள் 1982-இல் முறை வகுத்தார். அதற்காக 2003-இல் நோபல் பரிசும் பெற்றார். தினசரி விகிதங்களில் கேயாஸ் போலத் தோன்றும் ஒழுங்கில் பெரும்பகுதி இந்தக் கூட்டமாதலே என்பது என் கருத்து.

சுவிஸ் பிராங்கைப் பாருங்கள். ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்கு என்ற கீழ்வரம்பை அந்நாட்டு மத்திய வங்கி 2011 செப்டம்பர் 6 அன்று அறிவித்தது. கடைசி மாதங்களில் விகிதம் அந்தக் கோட்டின்மேல் உட்கார்ந்தே இருந்தது. 2015 ஜனவரி 15 காலை வரம்பு நீக்கப்பட்டதும் சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே சரிந்தது. அதற்கு முந்தைய விலைகளை எந்தச் சமன்பாட்டில் இட்டாலும் அந்தக் காலைப்பொழுது கிடைத்திருக்காது. அது ஒரு சிலர் அறைக்குள் அமர்ந்து எடுத்த முடிவு.

எனவே கேயாஸ் கோட்பாட்டின்படி டாலரைக் கணிப்பதாக யாரேனும் மென்பொருள் விற்க வந்தால், ஒரு மாதத்துக்கு நாள்தோறும் மறுநாள் விலையை எழுதித்தரச் சொல்லி, முந்தைய நாள் விலையையே ஊகமாகக் கொள்வதைவிட அது உண்மை விலைக்கு நெருங்கி வருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.