தேஜஸ் வானத்தைக் கிழிக்கிறது, ஏர்பஸ் ஏன் முனகுகிறது?

கேள்வி: தேஜஸ் போர்விமானம் மேலே போனால் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. கோவை விமான நிலையத்துக்கு வரும் ஏர்பஸ் அதைவிடப் பல மடங்கு பெரிசு. ஆனால் சத்தம் குறைவு. எப்படி? (வாசகர், சூலூர்)

பதில்: விமானத்தின் பருமனை விடுங்கள். என்ஜின் பின்னால் பீய்ச்சும் காற்று எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பாருங்கள். ஏர்பஸ் ஏ320 நியோ பயணிகள் விமானத்தில் பொருத்தப்படும் லீப் என்ஜினின் முன்விசிறி ஏறக்குறைய 2 மீட்டர் அகலம். எரிகலனுக்குள் 1 கிலோ காற்று போனால், 11 கிலோ வெளிச்சுற்றில் எரியாமலே கடந்து போகும். நிறையக் காற்று, நிதான வேகம். தேஜஸின் எஃப்404 என்ஜினோ மொத்தமே 90 சென்டிமீட்டர் அகலம்தான். வெளிச்சுற்றுக் காற்று உள்ளே போவதில் மூன்றில் ஒரு பங்கு. கொஞ்சக் காற்றை அசுர வேகத்தில் தள்ளித்தான் அது உந்துவிசை பெற வேண்டும்.

அந்த வேகம்தான் வில்லங்கம். வெளியே நிற்கும் காற்றோடு பீய்ச்சல் உரசிச் சுழிக்கும்போது இரைச்சல் பிறக்கிறது. அதன் ஒலித்திறன் வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்று 1952-இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் கணக்கிட்டுச் சொன்னார். அதாவது, வேகம் இருமடங்கானால் சத்தம் 256 மடங்கு, 24 டெசிபல் கூடுதல்.

பீய்ச்சல் ஒலியின் வேகத்தையே தாண்டிவிட்டால் இந்தக் கணக்கு மாறும். ஆனால் நிம்மதி கிடைக்காது. பீய்ச்சலுக்குள் அதிர்வலைகள் (காற்றழுத்தம் திடீரென்று எகிறும் இடங்கள்) வரிசையாக உருவாகித் தனிச் சத்தம் போடும். கூடவே படபடவென்று கோணித்துணி கிழிவது போன்ற ஒலி. ஆஃப்டர்பர்னர் போட்டால் நீங்கள் கேட்பது அதுதான். ஆஃப்டர்பர்னரில், டர்பைனைத் தாண்டி வந்த சூடான வாயுவில் மறுபடி எரிபொருளைத் தெளித்து எரிக்கிறார்கள். எஃப்404-இன் உந்துவிசை சுமார் 54 கிலோநியூட்டனிலிருந்து 84-க்கு ஏறும். எரிபொருள் செலவு மூன்று மடங்கைத் தாண்டும். அதனால் கிளம்பும்போதும் அவசரத்துக்கும் மட்டுமே போடுவார்கள்.

கேள்வி: பயணிகள் விமானம் மேலெழும்போது முன்வரிசையில் ரம்பம் அறுப்பதுபோல் ‘ர்ர்ர்’ என்று கேட்கிறது. கோளாறா?

பதில்: இல்லை. முழுவிசையில் விசிறி இதழ்களின் நுனிகள் ஒலிவேகத்தைத் தாண்டுகின்றன. ஒவ்வோர் இதழும் மயிரிழை அளவு வித்தியாசப்படுவதால் அதிர்வலைகளும் ஒரே சீராக இருப்பதில்லை. அதுதான் அந்த ரம்ப ஒலி. விமானி விசையைக் குறைத்ததும் அடங்கிவிடும். என்ஜின் வாயின் உட்சுவரில் பொடித் துளைகள் தெரியும், பார்த்திருப்பீர்கள். அவற்றின் பின்னால் உள்ள தேன்கூட்டு அறைகள் இந்த ஒலியை ஓரளவு விழுங்குகின்றன.

கேள்வி: போர்விமானச் சத்தம் வரும் திசையில் பார்த்தால் விமானமே இல்லையே?

பதில்: 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒலி இறங்க சுமார் 9 விநாடி ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் விமானம் 2 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். பறக்கும் திசையில் முன்னால் தேடுங்கள்.

கேள்வி: போர்விமானத்துக்கும் பெரிய விசிறி வைத்தால் என்ன?

பதில்: என்ஜின் உடலுக்குள் அடங்காது. வெளியே தொங்கவிட்டாலோ, ஒலிவேகத்தைத் தாண்டும்போது அந்தப் பெரிய முகப்பின் காற்றுத்தடையே விசையைத் தின்றுவிடும். பயணிகள் விமானங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச இரைச்சல் வரம்புகளும் ராணுவ விமானங்களுக்குக் கிடையாது.